மாட்டிறைச்சிக்கு நாடு தெரியாது

அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் கோழிக்கறிப் பொட்டலத்தை எடுத்துப் புரட்டினால், எந்த நாட்டுக் கோழி என்று லேபிளில் இருக்கும். ஆட்டுக்கறியிலும் இருக்கும். பக்கத்திலேயே அடுக்கியிருக்கும் மாட்டிறைச்சிக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

முன்பு இருந்தது. 2002-இல் சட்டமாகி, இழுபறிக்குப் பிறகு 2009-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 2013-இல் இன்னும் இறுக்கினார்கள்: மாடு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, எங்கே வெட்டப்பட்டது என்று மூன்றையும் அச்சிட வேண்டும்.

கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் இது பேரிடி. அங்கே பிறக்கும் கன்றுகள் லாரியேறி எல்லை தாண்டி, அமெரிக்கத் தீவனப் பண்ணைகளில் கொழுத்து, அங்கேயே வெட்டப்படுவது நெடுநாள் வழக்கம். லேபிள் வந்ததும் அவற்றைத் தனியாக அடைத்து, தனியாக வெட்டி, தனியாகக் கணக்கு வைக்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவைக் கன்றின் விலையில்தான் கழித்தார்கள். இரு நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தன. 2015 டிசம்பர் 7 அன்று, அமெரிக்கப் பொருள்கள்மீது ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் பதிலடி வரி போட அனுமதி கிடைத்தது. அடுத்த இரண்டு வாரங்களுக்குள் மாட்டிறைச்சிக்கும் பன்றி இறைச்சிக்கும் லேபிள் விதியை அமெரிக்கக் காங்கிரஸ் ரத்து செய்துவிட்டது.

அதை ஒட்டி மாட்டு விலையும் சரிந்தது. லேபிள் போனதுதான் காரணம் என்று பண்ணைக்காரர்கள் பலர் இன்றும் சொல்கிறார்கள். வறட்சி நீங்கி மந்தைகள் பெருகியதும் அதே சமயத்தில்தான். பழியை லேபிள்மீது மட்டும் போட முடியாது. லேபிளால் விற்பனை கூடியதற்கு ஆதாரம் இல்லை என்று வேளாண் துறையே 2015-இல் அறிக்கை தந்திருந்தது.

ஆனால் பண்ணைக்காரர்களுடைய இன்னொரு குறை முழுக்க நியாயமானது. வெளிநாட்டு இறைச்சியை அமெரிக்க ஆலையில் வெட்டிப் பொட்டலம் போட்டாலே ‘அமெரிக்கத் தயாரிப்பு’ என்று ஒட்டலாம் என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. பனியில் விடிய விடியக் கண்விழித்துக் கன்று ஈனவைத்தவருக்கும் கப்பலில் வந்த பெட்டிக்கும் ஒரே பெயர்! கொழுத்த மாடுகளில் சுமார் 85 சதவீதத்தை நான்கே நிறுவனங்கள் வாங்கும் சந்தையில், அவருடைய உழைப்பு சாப்பிடுகிறவரின் கண்ணில் பட வேறு வழி ஏது?

2024-இல் வேளாண் துறை அந்த ஓட்டையை அடைத்தது. 2026 ஜனவரி முதல், பிறப்பிலிருந்து பொட்டலம் வரை எல்லாம் அமெரிக்காவில் நடந்தால்தான் அந்தப் பெயர். ஆனால் ஒட்டுவது விருப்பம்தான். ஆஸ்திரேலியக் கொழுப்பற்ற துண்டுகளை உள்ளூர்க் கொழுப்போடு அரைத்த கொத்துக்கறியை நாட்டின் பெயரே போடாமல் தாராளமாக விற்கலாம். கட்டாய லேபிளைத் திரும்பக் கொண்டுவர 2021-இல் இரு கட்சி செனட்டர்களும் சேர்ந்து கொடுத்த மசோதா சட்டமாகவில்லை.