ஜலதோஷம் போயிற்று, இருமல் போகவில்லை

மூக்கொழுகலும் தலைபாரமும் தீர்ந்து, உடம்புச் சூடு தணிந்து, நாவுக்கு ருசியும் திரும்பிவிட்ட பிறகும், பகலெல்லாம் எங்கோ பதுங்கியிருந்துவிட்டு, இரவு விளக்கை அணைத்துத் தலை சாய்த்த மாத்திரத்தில் எழும்பி, வீட்டார் அனைவருடைய நித்திரைக்கும் பங்கம் விளைவிக்கிற அந்த வறட்டு இருமல் மட்டும் ஏன் போக மறுக்கிறது என்பது, ஜலதோஷத்தை ஒரு வாரத்து வியாதி என்று நம்பியிருப்பவர்களுக்குப் பெரிய புதிராகவே இருந்து வருகிறது. ஐந்தாம் நாள் மருந்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்குகிறார்கள். பத்தாம் நாள் வேறொரு டாக்டரிடம் போய் மாத்திரையை மாற்றிக்கொள்கிறார்கள். பதின்மூன்றாம் நாள் எதிர்வீட்டு அம்மாள் சொன்ன கஷாயம் அடுப்பில் ஏறுகிறது. பதினெட்டாம் நாள் இருமல் தானாகவே நின்றுவிட, கடைசியாக யார் சொன்னதைச் சாப்பிட்டார்களோ அவருக்குக் கைராசிக்காரர் என்ற கீர்த்தி போய்ச் சேருகிறது.

பதினெட்டு என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் எபெல் என்பவரும் அவருடைய சகாக்களும், ஜலதோஷத்தை ஒட்டி வரும் இருமலைப் பற்றி நடந்திருந்த பல ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு, அது சராசரியாக 17.8 நாள் நீடிக்கிறது என்று 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அதே சமயம் சாதாரண ஜனங்களைக் கேட்டபோது, இருமல் 7 முதல் 9 நாளுக்குள் நின்றுவிட வேண்டும் என்பதே அவர்களுடைய எதிர்பார்ப்பாக இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே கிடக்கிற பத்து நாளில்தான் நம்முடைய பணம் கரைகிறது, வேண்டாத மருந்துகள் வயிற்றுக்குள் போகின்றன, ‘மார்பில் ஏதாவது கட்டிக்கொண்டிருக்குமோ’ என்ற பீதி மனத்தில் குடியேறுகிறது. வைத்திய சாஸ்திரமோ, ஜலதோஷத்தின் பின் வரும் இருமல் மூன்று வாரம் முதல் எட்டு வாரம் வரைகூட நீடித்துப் பிறகு தானாக அடங்கலாம் என்று சாவதானமாகச் சொல்கிறது.

காரணம் இதுதான். நம்முடைய மூச்சுக் குழலின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு ஒன்று படர்ந்திருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குப் புலப்படாத ரோமங்கள் ஓயாமல் அசைந்து, தூசியையும் கோழையையும் தொண்டையை நோக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஜலதோஷத்தையும் ஃப்ளூவையும் உண்டாக்குகிற வைரஸ்கள் இந்தச் சவ்வைப் புண்படுத்திவிட்டுப் போகின்றன. கிருமி ஒழிந்தாலும் புண் ஆறுவதற்கு வாரக் கணக்கில் நாளாகும். அதுவரையில் அங்கே உள்ள நரம்பு நுனிகள், தோல் உரிந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டாற்போல, சாதாரணமாக நாம் லட்சியம் செய்யாத குளிர்காற்றுக்கும், ஊதுவத்திப் புகைக்கும், சிரிப்புக்கும், உரக்கப் பேசுவதற்குங்கூடச் சிலிர்த்துக்கொள்கின்றன. இத்துடன், படுத்தவுடன் மூக்கின் பின்புறத்திலிருந்து தொண்டைக்குள் வழியும் சளியும் சேர்ந்துகொள்ள, இரவு நேரமே இருமலின் அரசாட்சி ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு முறை இருமும்போதும் புண்பட்ட இடம் மேலும் அடிபடுவதால், இருமலே இருமலை வளர்க்கிறது.

ஆகையால் ஜலதோஷத்துக்குப் பின் வந்த இருமலை ‘நிறுத்துவது’ என்ற பேச்சுக்கு அதிக அர்த்தமில்லை. புண் ஆறும் வரையில் தொண்டையை நனைத்து வைப்பதும், அதைச் சீண்டுகிறவற்றை விலக்குவதும், இரவில் தூக்கத்துக்கு வழி செய்வதுமே நம்மால் ஆகக்கூடிய உபாயங்கள். இவை மூன்றுக்கும் செலவு சொற்பம் என்பதால்தானோ என்னவோ, இவற்றைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை.

வெதுவெதுப்பான நீரை அடிக்கடி பருகுவது, உப்புநீரில் தொண்டையைக் கொப்பளிப்பது, தலையணையைச் சற்று உயர்த்திப் படுப்பது, நமைச்சல் எடுக்கும்போது உடனே கனைக்காமல் வாயை மூடி ஒரு வாய் தண்ணீரை விழுங்கி மூக்கால் மெதுவாகச் சுவாசிப்பது என்பவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவையே. தெரியாதது, அல்லது தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பது, வீட்டுக்குள் இருக்கும் புகை. நோயாளி படுத்திருக்கிற அறையிலேயே ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொசுவத்திச் சுருளை ஏற்றிவைத்து, அடுத்த அறையில் வரமிளகாயைத் தாளித்து, வெள்ளிக்கிழமையாயிற்றே என்று சாம்பிராணியும் போட்டுவிட்டு, ‘எத்தனை மருந்து கொடுத்தும் இருமல் கேட்கவில்லையே’ என்று அங்கலாய்க்கிற வீடுகள் நம்மிடையே அநேகம். கொசுவலை ஒன்று கட்டினால், இருமுகிறவருக்கு அதுவே பாதி சிகிச்சை.

இனித் தேன். 2007-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், பென்ஸில்வேனியாவில் ஜலதோஷத்தால் இரவில் இருமிக்கொண்டிருந்த 105 குழந்தைகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் படுப்பதற்கு அரைமணி முன்பு தேனும், ஒரு பிரிவுக்குக் கடைகளில் பிரசித்தமான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்ற இருமல் மருந்தும் கொடுத்து, மூன்றாவது பிரிவுக்கு எதுவும் கொடுக்காமல் விட்டுப் பார்த்தார்கள். பெற்றோர்கள் சொன்ன கணக்கில் தேன் சாப்பிட்ட குழந்தைகளே மேலாகத் தூங்கினார்கள். இருமல் மருந்தோ, ஒன்றும் கொடுக்காததைவிட மேல் என்று சொல்லும்படியாக இல்லை. நம் பாட்டிமார்களுக்குப் பென்ஸில்வேனியாவின் சாட்சி தேவையில்லை என்பது வேறு விஷயம். ஆனால் அந்தப் பாட்டிமார்களிடமே ஒன்றை மன்றாடிச் சொல்ல வேண்டியிருக்கிறது: ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் சில வேளை தங்கியிருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய விஷத்தை உண்டாக்க வல்லவை. பிறந்த சிசுவுக்குச் சேனை வைக்கிறோம் என்று தேனை நாக்கில் தொட்டு வைக்கிற வழக்கத்தையும், சம்பிரதாயத்துக்குரிய மரியாதையோடு, விட்டுவிடுவதே உசிதம்.

நாட்டு மருந்துக் கடைப் பண்டங்களில் என் மதிப்பில் முதல் ஸ்தானம் ஆடாதோடைக்கு. ஊர்ப்புறத்து வேலிகளில் நீண்ட இலைகளோடும் வெள்ளைப் பூக்களோடும் செழித்து வளரும் இந்தச் செடியை, எதையும் விட்டுவைக்காத ஆடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் தாண்டிப் போய்விடும், அத்தனை கசப்பு. அதன் இலையைக் கிள்ளி, இரண்டு மிளகு தட்டிப் போட்டு, நாலில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சி இறக்கினால், அந்தக் கஷாயத்தைப் பனங்கற்கண்டு துணையில்லாமல் பெரியவர்களாலேயே விழுங்க முடியாது. இந்தக் கசப்பில் உள்ள வாசிசின் என்ற சத்தைப் பின்பற்றி ரசாயன சாஸ்திரிகள் உண்டாக்கியதே புரோம்ஹெக்ஸின். அது உடம்புக்குள் போய் மாறுகிற உருவமே அம்ப்ராக்ஸால். இன்றைக்குக் கோழையை இளக்குவதற்கென்று நாடெங்கும் விற்கிற சிரப்புகளில் பெரும்பாலானவற்றின் மேலட்டையில் இந்த இரண்டில் ஒன்று அச்சிட்டிருக்கும். வேலிச் செடியை அநாகரிகம் என்று ஒதுக்கிவிட்டுப் பட்டணத்து மருந்துக் கடைக்குப் போகிறவர், அங்கேயும் அந்த வேலியின் வாரிசையே விலை கொடுத்து வாங்கி வருகிறார். இருந்தாலும் நடுநிலையாகச் சொன்னால், கோழை கட்டியிருக்கும்போது இது உதவுவதுபோல வெறும் வறட்டு இருமலுக்கு உதவும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கர்ப்பிணிகள் ஆடாதோடையின் பக்கமே போகக் கூடாது.

வறட்டு இருமலுக்கு, அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வதும், மிளகும் பனங்கற்கண்டும் சுவைப்பதும் சுகம் தரும். உமிழ்நீர் ஊறித் தொண்டை நனைந்துகொண்டே இருக்கும். ஆனால் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதிமதுரத்தை நாள் கணக்கில் சாப்பிட்டால் கொதிப்பு ஏறும். சுக்குக் காப்பி, மிளகு ரசம், பாலில் மஞ்சள் எல்லாம் அவரவர் விருப்பம். பால் கோழையைப் பெருக்கும் என்ற பேச்சுக்குப் பரிசோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை. நொச்சி இலை போட்டு வேது பிடிப்பது மூக்கடைப்புக்குச் சற்று ஆறுதலளிக்கலாமே ஒழிய, இருமலைக் குறைக்கிறது என்று நிரூபணமில்லை. கொதிக்கிற பாத்திரத்தின்மேல் போர்வை மூடிக் குழந்தையைக் குனிய வைப்பதோ, வெந்நீர் கவிழ்ந்து வெந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதில் முடிந்த சம்பவங்கள் உண்டாகையால், அறவே கூடாது.

சிரப்புகளின் சரித்திரம் அவ்வளவு பெருமைப்படத் தக்கதல்ல. 1898-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் கம்பெனி இருமலுக்குக் கைகண்ட மருந்தென்று விற்பனைக்குக் கொண்டுவந்த பொருளின் பெயர் ஹெராயின். அந்தப் பழங்கதை போகட்டும். 2022-இல் காம்பியா தேசத்திலும், 2025-இல் நம் நாட்டிலேயே மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா மாவட்டத்திலும், டைஎதிலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்த இருமல் மருந்தைக் குடித்துச் சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டார்கள். சிந்த்வாராக் குழந்தைகள் குடித்த மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பதை நினைக்க நமக்குத் தலைகுனிவாக இருக்கிறது. அந்த விஷத் திரவம் நிறமற்றது, தித்திப்பானது. பார்த்தோ ருசித்தோ கண்டுபிடிக்க எந்தத் தாயாலும் முடியாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் மருந்து கொடுக்கவே கூடாதென்றும், ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லையென்றும் மத்திய அரசின் சுகாதார இயக்ககம் அந்தச் சமயத்தில் அறிவுறுத்திற்று. விஷம் கலவாத மருந்துக்கும் அந்த வாக்கியம் பொருந்தும் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. வைரஸால் வந்த இருமலுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையாலும் பிரயோஜனம் இல்லை.

இதுவரை பொறுமையை உபதேசித்தாயிற்று. ஆனால் நம் தேசத்தில் பொறுமைக்கு ஓர் எல்லைக்கல் நட்டு வைத்திருக்கிறார்கள். அந்த எல்லை இரண்டு வாரம். இரண்டு வாரமோ அதற்கு மேலோ இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி. பதினெட்டு நாள் இருமல் சகஜம் என்று ஒரு கணக்கும், பதினான்காம் நாள் பரிசோதனைக்குப் போ என்று ஒரு விதியும் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றலாம். ஜார்ஜியாவில் இருப்பவர் எட்டு வாரம் காத்திருக்கலாம். உலகத்துக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழ்கிற இந்தியாவில், அப்படிக் காத்திருக்கிற ஒவ்வொரு வாரமும் அதே அறையில் படுத்துறங்கும் பேரக் குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். பரிசோதனைக்குப் போகிற பத்துப் பேரில் பெரும்பாலோர் வெறும் ஜலதோஷக்காரர்களாக இருந்து, நிம்மதியாகத் திரும்பி வரட்டுமே. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

வேறு சில காரணங்களையும் டாக்டர் அப்போது விசாரிப்பார். இழுப்புக்கு முன்னோடியாக வரும் இருமல், நெஞ்செரிச்சலோடு வரும் இருமல், மூச்சு முட்டும் வரை விடாமல் அடுக்கிவரும் கக்குவான் என்று பட்டியல் நீளும். அதில் அடிக்கடி மறந்துபோவது ஒன்று: எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகளே சிலருக்கு ஓயாத வறட்டு இருமலை உண்டாக்குகின்றன. ஜலதோஷத்தின்மேல் பழியைப் போட்டுக்கொண்டு மாதக் கணக்கில் இருமுகிற பெரியவர்கள், தாம் தினமும் விழுங்கும் மாத்திரையின் பெயரை டாக்டரிடம் சொன்னால் அவர் வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார். தாமாக நிறுத்திவிடுவது மட்டும் கூடாது. கோழையில் ரத்தம், மூச்சுத் திணறல், மாலைதோறும் காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, குழந்தைக்கு விலா உள்வாங்கும்படியான வேக மூச்சு இவற்றில் ஒன்று கண்டாலும் இரண்டு வாரக் கணக்கே வேண்டாம். அன்றைக்கே போக வேண்டும்.

காசம் என்ற பெயரைக் கேட்டாலே ஒளித்து வைக்கும் சுபாவம் நம்மவரிடம் இன்னும் போகவில்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். சென்னைச் சேத்துப்பட்டில் 1956-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையந்தான், காசநோயாளியைச் சானடோரியத்தில் அடைத்து வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் அதே அளவு குணம் கிடைக்கும் என்று 1959-இல் உலகத்துக்கு மெய்ப்பித்துக் காட்டிற்று. அந்த ஊர்க்காரர்களாகிய நாம் இந்த நோய்க்கு வெட்கப்பட்டு மறைப்பது பொருந்தவே பொருந்தாது.

எனவே, இதை வாசிக்கிறவர்களில் இரண்டு வாரமாக இருமிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தேனும் வெந்நீரும் நடக்கட்டும். அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், கொடுக்கிற சிறு டப்பாவை வாங்கிக்கொண்டு, போன இடத்தில் ஒரு முறையும், மறுநாள் விடியற்காலை எழுந்தவுடன் வாயைக் கொப்பளித்துவிட்டு, காற்றோட்டமான வெளியிடத்தில் நின்று, எச்சிலாக இல்லாமல் மார்பின் ஆழத்திலிருந்து வரும் கோழையாக இன்னொரு முறையும் எடுத்துக் கொடுங்கள். பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. நோய் இருப்பதாகத் தெரிந்தால் மருந்துக்கும் கட்டணம் இல்லை.