பீரங்கிக் குழலுக்கு ஏன் சுடுதண்ணீர்?

1658இல் யாழ்ப்பாணக் கோட்டைக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் மோதியபோது இரு தரப்புப் பீரங்கிகளுக்கும் தீனி ஒன்றுதான்: கரிமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த இந்தக் கலவை எரியும்போது எடையில் பாதிக்கும் குறைவாகவே வாயுவாகிறது. மிச்சம் திண்மக் கழிவு. அதில் ஒரு பகுதி புகையோடு போக, மறுபகுதி குழலில் ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரப் பஞ்சுத்தடியால் உள்ளே துடைப்பார்கள். தணல் மீதமிருந்தால் அடுத்த மருந்து கையிலேயே வெடித்துவிடும்.

அழுக்கை எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதாதா? போதாது. கழிவில் பொற்றாசியம் காபனேற்று போன்ற உப்புகள் உண்டு. அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். கடல்நீரேரிக் கரையில் ஈரத்துக்கா பஞ்சம்? உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். சுடுதண்ணீர் என்றால் குழல் சூடேறி விரைவில் உலரும். எண்ணெய்ப் பூச்சு அதற்குப் பிறகே.

1884இல் பிரான்சின் போல் வியேல் புகையற்ற மருந்தை உருவாக்கினார். கழிவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் ரைபிள் குழலில் புதுத் தொல்லை: செப்பு உறையிட்ட சன்னம் சுவரில் செப்பைத் தேய்த்துவிட்டுப் போகும். உராய்வைக் குறைக்கச் சிலர் மொலிப்டினம் இருசல்பைட்டு பூசிய சன்னத்துக்கு மாறுகிறார்கள். அதற்கு முன் பழைய செப்பை நீக்கி உருக்கை வெளிக்கொணர வேண்டும். இல்லாவிட்டால் பூச்சு செப்பின் மேலேயே படியும். அமோனியா கலந்த கரைப்பானில் நனைத்த துணி செப்பைத் தொட்டால் நீலமாகும். துணி நீலமின்றி வந்தால் செப்பு போய்விட்டது. கரைப்பானையும் துடைத்தெடுத்த பிறகே புதுச் சன்னம்.