மடிக்கணினியின் மீட்புப் பகிர்வு

மீட்புப் பகிர்வு என்பது மடிக்கணினியின் வன்தட்டில் உற்பத்தி நிறுவனம் தனியாக ஒதுக்கி, மறைத்து வைத்திருக்கும் ஒரு பகுதி ஆகும். ரெக்கவரி பார்ட்டிஷன் என்ற பெயரிலும் இது அறியப்படுகிறது. கணினி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அதில் இருந்த இயங்குதளம், டிரைவர்கள், மென்பொருள்கள் ஆகியவற்றின் சுருக்கிய நகல் இதில் இருக்கும். கணினி வைரஸால் பழுதானாலோ தொடங்க மறுத்தாலோ இந்த நகலைக் கொண்டு அதை முதல் நிலைக்குத் திருப்பலாம். இதற்குச் சிடியோ இணைய இணைப்போ தேவையில்லை. ஆனால் பயனர் பின்னர் சேர்த்த கோப்புகள் எவையும் அந்த நகலில் இருப்பதில்லை.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் தொடங்கப்பட்டது. அம்பத்தூர், கள்ளிக்குப்பம் பகுதிகளும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தன. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. தொடர்ந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் மாணவர்களைச் சென்றடைந்தன. பல வீடுகளில் அதுவே முதல் கணினி. அக்கா படித்து முடித்த பிறகு தம்பிக்கு என ஒரே கணினி கைமாறும்போது, அதை முதல் நிலைக்குத் திருப்பும் தேவை எழுகிறது.

செயல்படும் விதம்

ஒரே வன்தட்டைப் பல பகிர்வுகளாகப் பிரிக்கலாம். விண்டோஸ் இருக்கும் பகிர்வு 'சி' என்ற எழுத்துடன் தெரியும். மீட்புப் பகிர்வுக்குப் பெரும்பாலும் எழுத்து தரப்படுவதில்லை. அதனால் அது சாதாரணப் பார்வையில் தெரியாது. மீட்பைத் தொடங்கியதும் 'சி' பகிர்வு அழிக்கப்பட்டு, நகலில் உள்ளவை அங்கே விரித்து எழுதப்படும். சில நிறுவனங்களின் மென்பொருள் 'டி' உள்ளிட்ட பிற பகிர்வுகளையும் சேர்த்தே அழித்துவிடும்.

டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் 'ரெக்கவரி' என்ற பெயருடன் ஒரு பகிர்வு தெரிந்தால் மட்டும் போதாது. அதன் அளவு 1 ஜிபிக்கும் குறைவு என்றால், அதில் விண்டோஸின் பழுதுநீக்கும் கருவிகள் மட்டுமே இருக்கும். முழு நகல் உள்ள பகிர்வு பொதுவாக 10 ஜிபிக்கு மேல் இருக்கும்.

மீட்புக்கு முன் செய்ய வேண்டியவை

1. ஆவணங்கள், படங்கள், சான்றிதழ் நகல்கள் அனைத்தையும் பென் டிரைவிலோ வெளி வன்தட்டிலோ நகலெடுக்க வேண்டும். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் கோப்புறைகளும் 'சி' பகிர்வில்தான் உள்ளன என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை.

2. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக்களையும் நகலெடுக்க வேண்டும். இல்லையெனில், மீட்டபின் அக்கோப்புகளில் தமிழுக்குப் பதில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். யுனிகோடில் தட்டச்சு செய்தவற்றுக்கு இச்சிக்கல் இல்லை.

3. புதிய கணினிகளில் வன்தட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கலாம். அதற்குரிய 48 இலக்க மீட்பு எண்ணை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்.

4. சார்ஜரை இணைத்தே பணியைத் தொடங்க வேண்டும். பாதியில் மின்சாரம் நின்றால் 'சி' பகிர்வில் பழையதும் இருக்காது, புதியதும் முழுமையாக இருக்காது.

கணினி தொடங்கவில்லை என்றால், லினக்ஸ் உள்ள பென் டிரைவ் மூலம் அதைத் தொடங்கி, கோப்புகளை முதலில் வெளியே எடுக்க முயலலாம். வன்தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஒலி வந்தால் பழுது வன்பொருளில் இருக்கலாம். அந்நிலையில் மீட்பைத் தொடங்கக் கூடாது.

செய்முறை

மீட்பைத் தொடங்கும் விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

• லெனோவோ: கணினியை நிறுத்திய நிலையில் நோவோ எனப்படும் சிறு பொத்தானை அழுத்த வேண்டும். சில மாதிரிகளில் இது ஊசித் துளைபோல் இருக்கும்.
• ஹெச்பி: கணினி தொடங்கும்போது எஃப்11.
• ஏசர்: ஆல்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். பயாஸ் அமைப்பில் டி2டி ரெக்கவரி இயங்கு நிலையில் இருக்க வேண்டும்.
• ஆசஸ்: எஃப்9.

விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் செட்டிங்ஸ் பகுதியிலுள்ள 'ரீசெட் திஸ் பிசி' மூலமும் கணினியைத் திருப்பலாம். இதில் கோப்புகளை வைத்துக்கொள்ளும் தேர்வு உண்டு. ஆனால் பயனர் நிறுவிய மென்பொருள்கள் நீங்கிவிடும். இம்முறை பொதுவாக நிறுவனத்தின் நகலைப் பயன்படுத்துவதில்லை. இருக்கும் விண்டோஸையே புதிதாக நிறுவுகிறது.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினி

திட்டத்தின் தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. இத்தகைய கணினிகளில் கூடுதல் கவனம் தேவை. பழைய கணினிகளில், எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் மென்பொருள் வன்தட்டின் முதல் பிரிவில் இருக்கும். மீட்பின்போது அப்பிரிவு மாற்றி எழுதப்பட்டால் லினக்ஸ் அழியாமல் இருந்தும் பட்டியலில் தோன்றாது. லினக்ஸ் பென் டிரைவ் மூலம் கிரப்பை மீண்டும் நிறுவி இதைச் சரிசெய்யலாம். இதற்கு நேர்மாறாக, கிரப் நிறுவப்பட்டதால் நிறுவனத்தின் மீட்பு விசை வேலை செய்யாமல் போவதும் உண்டு.

பகிர்வு அழிந்திருந்தால்

மீட்புப் பகிர்வும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது. எனவே வன்தட்டு பழுதானால் அதுவும் போய்விடும். கடையில் 'ஃபார்மட்' செய்யும்போது எல்லாப் பகிர்வுகளையும் நீக்கிவிட்டாலும் இதே நிலைதான். கணினி நன்றாக இயங்கும்போதே மீட்புப் பென் டிரைவ் ஒன்றைத் தயாரித்து வைப்பது இதற்குத் தீர்வாகும்.

பகிர்வு போய்விட்டால் உரிமமும் போய்விட்டது என்று கருதத் தேவையில்லை. விண்டோஸ் 7 கணினிகளில் உரிம எண் அடிப்பகுதியிலோ பேட்டரி அறையிலோ ஒட்டப்பட்டிருக்கும். விண்டோஸ் 8 முதல் அது தாய்ப்பலகையிலுள்ள நினைவகத்தில் பதிக்கப்படுகிறது. அதே பதிப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து பெற்று நிறுவினால் உரிம எண் தானாகவே ஏற்கப்படும். கள்ளப் பதிப்பை நாடவேண்டிய தேவை இல்லை.

மீட்ட பிறகு

பழைய நகலுடன் அதன் பாதுகாப்புக் குறைகளும் திரும்பி வரும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. ஆதரவு உள்ள பதிப்புகளில் உடனே அப்டேட் செய்ய வேண்டும். புதிய விண்டோஸைத் தாங்காத பழைய கணினிகளில், குறைந்த நினைவகத்தில் இயங்கும் லினக்ஸ் பதிப்பை நிறுவிப் படிப்புக்குப் பயன்படுத்தலாம்.

கணினியை வெளியாருக்கு விற்பதானால் சாதாரண மீட்பு மட்டும் போதாது. மேலெழுதப்படாத பழைய கோப்புகளைச் சிறப்பு மென்பொருள்கள் மீட்டெடுக்கக்கூடும். விண்டோஸ் 10, 11-இன் ரீசெட் அமைப்பில் எல்லாவற்றையும் நீக்கும் தேர்வுடன், வன்தட்டைத் துடைக்கும் தேர்வும் உள்ளது. இதற்குப் பல மணி நேரம் ஆகலாம். ஆனாலும் சொந்தப் படங்களும் அடையாள ஆவணங்களும் பிறர் கைக்குப் போகாமல் இருக்க அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.