கரந்த பெயர்

என் பெறாமகன் ஒருவன் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கின்றான். காத்திருக்கும் காலம் பெரும்பாலும் கணினியின் முன்னே கழிகின்றது. சென்ற சித்திரை விடுமுறையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த யான், ஒருநாட் பிற்பகல், கதிரையொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பின்னே அமர்ந்தேன். திரையிலே போர். 'ஸ்ரார்கிராப்ற்' என்பது அவ்வாட்டத்தின் பெயராம். தென்கொரியாவில் அதனை ஆடியே சீவியம் நடத்துவோர் உளர் என்றும், அவர் ஆடுவதைப் பார்க்க மண்டபம் நிறையச் சனம் கூடும் என்றும் அவன் சொன்னான். எனக்குப் போரிலே மனம் செல்லவில்லை. எதிரியின் பெயர் இருக்கவேண்டிய இடத்திலே சென்றது. அங்கே பெயரைக் காணோம். நிலைக்குத்தான சிறு கோடுகள் பத்துப் பன்னிரண்டு, வேலிக்குக் கதியால் நட்டாற்போல நெருங்கி நின்றன.

"இதென்ன, தம்பி, ஒரு பெயர்?" என்றேன்.

"பெயர்தான், பெரியப்பா. ஆரெண்டு தெரியக்கூடாதெண்டு வைக்கிற பெயர்."

"ஆர் அது?"

"அது தெரிஞ்சால் பிறகென்னத்துக்கு அந்தப் பெயர்?"

விடையிற் குற்றமில்லை. மேலும் விசாரித்தேன். ஆங்கில நெடுங்கணக்கின் ஒன்பதாம் எழுத்தைப் பெரிய வடிவிலும், பன்னிரண்டாம் எழுத்தைச் சிறிய வடிவிலும் எழுதினால் அத்திரையில் இரண்டும் ஒரே கோடாகத் தோன்றும். இரண்டையும் வேண்டியபடி மாற்றி அடுக்கினால் கடைச் சாமான்களின் உறையில் அச்சிடும் பட்டைக்கோடு போல ஒரு பெயர் பிறக்கும். கணினிக்கு ஒவ்வொன்றும் வேறு பெயர். மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒன்று. பெரும் போட்டிகளுக்கு ஆயத்தம் செய்யும் வல்லுநர் இப்பெயரில் வந்து, தாம் புதிதாக வகுத்த உபாயங்களைப் பழகிப் பார்த்துவிட்டுப் போவர். சொந்தப் பெயரில் வந்தால், எதிரி அவருடைய பழக்கங்களை முன்னரே அறிந்து அணைபோட்டுவிடுவான். வல்லுநர் வைத்த பெயரைக் கண்டு வல்லமையில்லாதவரும் அவ்வாறே வைத்துக்கொள்கின்றனராம். கோடுகளைக் கண்ட மாத்திரத்தில் எதிரி அஞ்சுவான் அல்லவா? புலித்தோல் போர்த்த பசுக்களும் அக்களத்தில் உண்டு என்க.

இன்னொரு செய்தியும் சொன்னான். 'லீக் ஒவ் லெஜென்ட்ஸ்' என்னும் வேறோர் ஆட்டத்தில் உலகப் போட்டியைப் பலமுறை வென்ற கொரிய வீரர் லீ சாங் ஹியோக், 'பேக்கர்' என்ற பெயரால் அறியப்படுபவர். பயிற்சிக்கு அவர் வைத்திருக்கும் பெயரின் பொருள், புதரில் ஒளிந்திருத்தல் என்பது. ஆனால் அது அவருடைய பெயர் என்பதை அறியாதார் இல்லை. மறைந்து நின்று எய்த அம்பிலே வாலி இராம நாமத்தைக் கண்ட கதை எனக்கு நினைவு வந்தது.

பெயரை மறைப்பவன் ஏதோ பிழையையும் மறைக்கின்றான் என்பது, முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்தில் உழன்றவனுக்கு இயல்பாக எழும் எண்ணம். மொட்டைக் கடிதம் பெற்ற அதிபர்களைக் கேட்டால் அறியலாம். ஆயினும் அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி யோசித்தபோது என் எண்ணம் எனக்கே திருப்தி தரவில்லை. பொதுப் பரீட்சையில் நம் பிள்ளைகள் பெயரை எழுதுகின்றார்களா? சுட்டெண்ணையன்றோ எழுதுகின்றார்கள். இன்னாருடைய மகன், இன்ன ஊரான் என்பது விடைத்தாளைத் திருத்துபவருக்குத் தெரியலாகாது என்று நாமே விதி செய்து வைத்திருக்கின்றோம். அதற்குப் பெயர் வஞ்சகமன்று, நடுநிலை.

நம் புலவர் வரிசையிலும் செம்புலப்பெயனீரார் யார்? ஓரேருழவனார் யார்? அணிலாடு முன்றிலார் யார்? பாடிய பாட்டிலிருந்து ஒரு தொடரை எடுத்து அதனையே பெயராக இட்டுவிட்டார்கள். அவர் வேண்டுமென்று மறைத்தவரல்லர், காலம் மறைத்தது. ஆயினும் அவர் பாட்டுக்கு அதனால் வந்த குறைவு யாது? அகத்திணையிலோ, தலைவன் தலைவியரைப் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் விதித்த விதி. பெயர் வந்தால் அது ஒருவருடைய கதையாகிவிடும். பெயர் இல்லாதபோதே எல்லாருக்கும் உரியதாகும்.

நிற்க. சுட்டெண் வரும்போது பரீட்சகர் பேசாமல் இருக்கின்றார். ஆட்டக்களத்திலோ பார்ப்பவர் பேசாமல் இருப்பதில்லை. பெயர் இல்லாத இடத்தைக் கண்டால் அவருக்கு அது பொறுக்கமுடியாத வெற்றிடம். தத்தம் ஊகத்தால் அதனை நிரப்பிவிடுகின்றனர். இவ்விடயத்தில் என்னைக் கவர்ந்தது மறைபவனிலும் பார்க்க, இந்த ஊகக்காரனே.

2016ஆம் ஆண்டு மே மாதம் 'ஓவர்வொச்' என்னும் சுடுகள ஆட்டம் வெளிவந்தது. வெளிவந்த சில வாரங்களிலே தென்கொரியாவில், 'கெகூரி' என்ற பெயரில் ஆடிய ஒருவர் போட்டியொன்றில் பெருந்திறமை காட்டினார். கெகூரி என்றால் கொரிய மொழியிலே தவளை. தவளையின் குறி ஒருபோதும் தவறவில்லை. தோற்ற அணியைச் சேர்ந்த ஆட்டக்காரர் இருவர், இது மனிதக் கையால் இயலாத காரியம், கள்ள மென்பொருளின் உதவி இருக்கின்றது என்று குற்றஞ்சாட்டினர். குற்றம் பொய்யென்று நிறுவப்பட்டால் தாம் ஆட்டத்தையே விட்டுவிடுவதாகவும் கூறினர். தவளை என்ற பெயரின் பின்னே இருந்தவர் கிம் சே இயோன் என்னும் பதினேழு வயதுப் பெண்பிள்ளை.

அப்பிள்ளை என்ன செய்தாள்? நேரடி ஒளிபரப்புக் கூடம் ஒன்றுக்கு வந்தாள். முகத்திலே முகமூடி அணிந்திருந்தாள். கைகளையோ மறைக்கவில்லை. கையையும் கையிலிருந்த கருவியையும் ஒரு படப்பெட்டி காட்ட, திரையை இன்னொன்று காட்ட, உலகம் பார்த்திருக்க ஆடினாள். பழித்தவர் பார்த்த அதே குறி, அதே வேகம். ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனமும் அவளிடத்திற் களவில்லை என்று உறுதி செய்தது. குற்றஞ்சாட்டிய இருவரும் விலகினர். 2018இல் அவள் 'ஷாங்காய் ட்ராகன்ஸ்' அணியிற் சேர்ந்து, ஓவர்வொச் பேரணிப் போட்டியில் இடம்பெற்ற முதற் பெண் ஆனாள்.

இந்தச் செய்தியில் யான் நெடுநேரம் நின்றுவிட்டேன். முகத்தை மூடிக் கையைக் காட்டிய அக்காட்சி எளிதில் மனத்தை விட்டு நீங்குவதன்று. திறமைக்குச் சான்று கையிலேதான் இருக்கின்றது, முகம் எதற்கு? ஆயினும் ஒன்று. ஓர் ஆண்பிள்ளை அவ்வாறு குறி தவறாமல் எய்திருந்தால், 'கெட்டிக்காரன்' என்று சொல்லி அப்பாற் போயிருக்கமாட்டார்களா என்ற ஐயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு; அதனைச் சொல்லாது விட்டால் யான் வழக்குரைஞன் ஆவேனே தவிர, ஆசிரியன் ஆகேன். 2018ஆம் ஆண்டு மார்கழியில், அதே ஆட்டத்தில், 'செகண்ட் விண்ட்' என்ற வட அமெரிக்க அணி 'எல்லி' என்னும் ஒருவரைச் சேர்த்துக்கொண்டது. பெண் என்றார்கள், இயற்பெயரை வெளியிடவில்லை. யார் அது, உண்மையிலே பெண்தானா, பெயரைச் சொல், முகத்தைக் காட்டு என்று எங்கும் கூச்சல். அந்தரங்கத்தை வெளியிடுவோம் என்ற பயமுறுத்தலும் எழுந்தது. புதுவருடம் பிறந்ததும் எல்லி விலகிக்கொண்டார். அடுத்த சில நாட்களிலே, அப்பெயரின் பின்னே இருந்தவர் ஓர் ஆண் என்பது வெளியாயிற்று. ஊகித்தவர் வென்றனர். ஆனால் எல்லி பெண் என்று நம்பி அவருக்காகப் பரிந்து பேசியவர் நிலை யாது? அடுத்த முறை ஒரு கெகூரி வந்து நிற்கும்போது, முகமூடியையும் கழற்று என்று சொல்வதற்கு ஊராருக்கு ஒரு சாட்டுக் கிடைத்துவிட்டது. அந்த ஆணின் வேடிக்கையால் நேர்ந்த கேடு இதுவே.

மறைந்து நின்றவர் மனிதரே அல்லாத கதை ஒன்றும் உண்டு. 2016ஆம் ஆண்டின் கடைசி நாட்களில், சீனரும் கொரியரும் யப்பானியரும் போற்றும் 'கோ' ஆட்டத்தின் இணையக் களங்களில் 'மாஸ்ரர்' என்றொருவர் தோன்றினார். உலகத்து முதல்நிலை வீரரையெல்லாம் வரிசையாக வென்றார். வெல்பவருக்கு ஓர் இலட்சம் யுவான் தருவேன் என்று சீன வீரர் கூ லீ அறிவித்தார், பெறுவதற்கு ஆளில்லை. அறுபது ஆட்டங்கள், அறுபதும் வெற்றி. 2017 தை 4ஆந் திகதி, அது 'அல்பாகோ' என்னும் இயந்திரத்தின் புதிய வடிவம் என்று அதனை ஆக்கியோர் ஒப்புக்கொண்டனர். பின்னர் 2019இல், அதே நிறுவனத்தின் வேறோர் இயந்திரம் ஸ்ரார்கிராப்ற் களத்தில் இறங்கியபோது, பெயரை மறைத்தேதான் ஆடியது. ஆனால் இம்முறை, இயந்திரத்தோடும் ஆட நேரலாம் என்று அறிவித்து, அதற்கு இசைந்தவரோடு மாத்திரம் ஆடவிட்டனர். முந்தியதிலும் பிந்தியது எனக்கு உவப்பானது.

நைஜல் ஷோர்ட் என்னும் ஆங்கிலேயர், 1993இல் உலகச் சதுரங்கப் பட்டத்துக்காகக் கஸ்பரோவை எதிர்த்து ஆடியவர். அவர் இணையத்திலே விரைவுச் சதுரங்கம் ஆடுவதுண்டு. ஒருமுறை பெயரறியாத ஒருவர் எதிரே வந்தார். அவர் ஆட்டத்தைத் தொடங்கிய மாதிரி விசித்திரமானது. அரசனை முற்றத்துக்கு அழைத்து வந்தார். பழகுகின்ற பிள்ளையும் செய்யாத நகர்த்தல்களைச் செய்தார். அதன் பின் ஷோர்ட்டை நிலைகுலைய அடித்தார். இப்படி ஆடக்கூடியவர் உலகில் யார்? ஷோர்ட்டின் மனம் பொபி பிஷரிடம் சென்றது. 1972இல் ரெய்க்யாவிக்கில் ஸ்பஸ்கியை வென்று உலகப் பட்டம் பெற்று, பின்னர் இருபது ஆண்டு பொதுப் போட்டிகளிலே காணப்படாமல் ஒதுங்கியிருந்த பிஷர். 1992இல் ஒருமுறை வெளிவந்து ஸ்பஸ்கியோடு மீண்டும் ஆடியவர், மறுபடியும் மறைந்துவிட்டிருந்தார்.

ஷோர்ட் சோதித்தார். அர்மாண்டோ அசெவேடோவைத் தெரியுமா என்று கேட்டார். அசெவேடோ மெக்சிகோ நாட்டவர். அத்துணைப் புகழ் பெற்றவரல்லர். 'ஸீகன் 1970' என்று உடனே விடை வந்தது. அவ்வாண்டு ஜேர்மனியின் ஸீகன் நகரிலே, ஒலிம்பியாட்டில், பிஷர் அசெவேடோவோடு ஆடியிருந்தார். ஷோர்ட்டுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும். 2001 புரட்டாதியில் 'சண்டே ரெலிகிராப்' பத்திரிகையிலே, யான் ஆடியது பிஷரோடுதான் என்று எழுதிவிட்டார். பிஷரோ, அது நானல்லேன் என்று மறுத்தார்.

அக்காலத்திலேயே ஒரு நல்ல சதுரங்க மென்பொருள் விரைவாட்டத்தில் வல்லுநரைத் தோற்கடிக்கும். ஸீகன் ஆட்டமோ ஏடுகளிற் பதிவானது, தேடுபவன் காண்பான். ஷோர்ட்டின் அறிவு குறைந்ததன்று. அறிவு மிகுந்தமையாலேதான் அடையாளங்கள் அவருக்குப் பேசின. நெடுநல்வாடையில் தலைவன் பெயர் இல்லை. வேலிலே வேம்பு சூட்டியிருந்தது என்ற ஒரு குறிப்பைப் பிடித்து, வேம்பு பாண்டியனது அடையாளமாதலின் இது அகமன்று என்று நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். அம்முடிவைப் பல ஆண்டு மாணாக்கருக்கு வியந்து வியந்து சொல்லிக் கொடுத்தவன் யான். அடையாளங் கண்டுபிடிப்பதில் ஒரு பண்டிதனுக்கு உள்ள இன்பம் அவ்வளவு பெரிது.

அவ்வின்பத்தினால் யான் செய்த பிழையொன்றைச் சொல்லவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன்னர், மாவட்ட மட்டக் கட்டுரைப் போட்டியொன்றுக்கு நடுவர் மூவரில் ஒருவனாக இருந்தேன். கட்டுரைகள் புனைபெயரில் வந்தன. இயற்பெயர்கள் ஒட்டிய உறைகளில் வேறாக இருந்தன. ஒரு கட்டுரையின் இரண்டாம் பக்கத்தை வாசித்ததும் எழுதியவனைக் கண்டுகொண்டேன். வாக்கியத்தை 'என்பதாயிற்று' என்று முடிக்கும் வழக்கம். யான் வகுப்பிலே சொல்லும் உவமை. யான் எடுத்துக்காட்டும் அதே குறள். என் வகுப்பு மாணவன் ஒருவனேதான். ஐயமே இல்லை. என் மாணவனுக்கு யானே முதலிடம் கொடுத்தேன் என்ற பேச்சு வரலாகாது என்று கருதி, மற்றை இருவரும் முதலிடத்துக்கு உரியதென்ற அக்கட்டுரைக்குப் புள்ளியைக் குறைத்தேன். அது இரண்டாவதாயிற்று.

உறைகளைப் பிரித்தபோது, அதை எழுதியவள் யான் ஒருநாளும் கண்டறியாத ஒரு பெண்பிள்ளை. தீவுப் பகுதிப் பாடசாலை ஒன்றிற் படிப்பவள். பின்னர் விசாரித்ததில், அவளுடைய தமிழாசிரியர் முன்னொரு காலத்தில் என்னிடம் படித்துச் சென்றவர் என்று தெரிந்தது. என் உவமையும் என் குறளும் அவர் வழியாகக் கடல் தாண்டி, அவள் கைக்குச் சென்றிருந்தன. எனக்கு அடையாளமாகப் பட்டவை எல்லாம் என்னுடைய அடையாளங்களே. மற்றை நடுவரிடம் யான் ஒன்றும் சொல்லவில்லை. முதலிடம் பெற்ற கட்டுரை அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்புக்குப் போயிற்று. அவளுடைய கட்டுரையை அலுவலகத்திற் கேட்டு வாங்கி வைத்திருக்கின்றேன். ஓரத்திலே, சிவப்பு மையில், 'நடை இரவல்' என்று என் கையெழுத்து இருக்கின்றது.