வேலி தாண்டி வரும் பார்த்தீனியம்

புனே நகரை ஒட்டி உள்ள ஊர் சிஞ்ச்வட். தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். வேலை தேடிப் போன தமிழர்களும் அங்கே வாழ்கிறார்கள்.

மழை பெய்ததும் அந்தப் பகுதியில் ஒரு செடி மளமளவென்று வளரும். சாலை ஓரம், காலி மனை எல்லாம் நிற்கும். இலை கேரட் இலை போல இருக்கும். பூ வெள்ளையாக, சிறியதாக இருக்கும். மராத்தி மக்கள் இதைக் 'காஜர் கவத்' என்பார்கள். கேரட் புல் என்று பொருள். தமிழ்நாட்டிலும் இந்தச் செடி உண்டு. இதுதான் பார்த்தீனியம்.

எங்கிருந்து வந்தது?

இதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். 1950-களில் இது பரவுவதைப் புனேயில் கண்டார்கள். வெளிநாட்டுத் தானியத்தோடு விதை கலந்து வந்தது என்று சொல்கிறார்கள். இன்று நாடெங்கும் பரவிவிட்டது. வறண்ட நிலத்திலும் வளர்கிறது.

என்ன கெடுதல்?

பயிருக்கு உள்ள நீரையும் சத்தையும் இது எடுத்துக்கொள்ளும். விளைச்சல் குறையும். மேய்ச்சல் நிலத்தில் புல்லை வளர விடாது. மாடு தின்றால் பால் கசக்கும்.

இதைத் தொட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், தடிக்கும். பூந்தூள் பட்டால் தும்மலும் மூச்சிரைப்பும் வரும். கை அரித்தால் களை எடுக்கப் போக முடியாது. அன்றைய கூலி போய்விடும்.

ஒருவர் பிடுங்கினால் போதுமா?

போதாது. ஒரு செடி 10,000 விதைக்கு மேல் விடும். விதை காற்றில் பறக்கும். தண்ணீரில் மிதக்கும். வண்டிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு போகும். ஒருவர் தன் வயலைச் சுத்தம் செய்கிறார். பக்கத்து வயலிலும் வாய்க்கால் கரையிலும் செடி நிற்கிறது. அடுத்த மழைக்கு அவர் வயலிலும் முளைத்துவிடும். வேலி இதைத் தடுக்காது.

என்ன செய்யலாம்?

ஊர் கூடி ஒரு நாள் குறிக்க வேண்டும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கும் நாள் நல்லது. பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். கையில் உறை போட வேண்டும். உறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொள்ளலாம். மூக்கைத் துணியால் மூட வேண்டும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

பூக்காத செடியைக் குழியில் போட்டு மட்க வைத்தால் உரம் ஆகும். பூத்த செடியை உரக்குழியில் போடக் கூடாது. பிடுங்கிய இடத்தில் ஆவாரை, துத்தி விதைகளைத் தூவலாம். அவை பார்த்தீனியத்தை எளிதில் வளர விடாது.

இந்தச் செடியின் இலையைத் தின்னும் வண்டு ஒன்று உண்டு. மெக்சிகோவில் இருந்து அதைக் கொண்டுவந்தார்கள். 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அந்த வண்டு உதவும். ஆனால் வண்டு மட்டும் போதாது.

மண்ணில் விழுந்த விதை சில ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். அதனால் ஒரு வருடத்தோடு விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு மழைக்கும் பிடுங்க வேண்டும். வாய்க்கால் கரையும் சாலை ஓரமும் யாருக்கும் தனியாகச் சொந்தம் இல்லை. அந்த இடங்களைப் பற்றிக் கிராம சபையில் பேசலாம். வீட்டுக்கு ஒருவர் வந்தால், வேலை சீக்கிரம் முடியும்.