ஊர் பஸ் ஏறும் முன் ஓசூர் ரோட்டில் இறங்குங்கள்

பெங்களூர் ஓசூர் ரோட்டிலுள்ள நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரி வாசலில் காலை வேளையில் சற்று நின்றால் தமிழ்க் குரல்கள் நிறையக் காதில் விழும். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கங்களிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். கையில் சாப்பாட்டுப் பை, பழைய மருந்துச் சீட்டுகள், பக்கத்தில் தலைகுனிந்து நிற்கும் மகனோ மகளோ. இந்த ஆஸ்பத்திரியை நம்பி அவ்வளவு தூரம் வருகிறார்கள்.

இதே ஊரில் ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் பீனியாவிலும் குடியிருக்கும் நம்மவர்களில் பலர் செய்வது என்ன? வீட்டில் ஒருவருக்கு மனநிலை சரியில்லை என்றால், லீவு போட்டுவிட்டு, ராத்திரி பஸ்ஸில் ஏற்றி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்! அங்கே மந்திரிப்பு, தாயத்து, யாரோ சொன்ன வைத்தியர். மாதக்கணக்கில் அலைந்தபின் கடைசியில் ஊர்க்காரர் ஒருவரே, "பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்பார். அதற்குள் வேலை போயிருக்கும். நோயும் முற்றியிருக்கும்.

1954-ல் அகில இந்திய மனநல நிலையமாகத் தொடங்கி, 1974-ல் பக்கத்திலிருந்த அரசு மனநோய் மருத்துவமனையுடன் இணைந்து நிம்ஹான்ஸ் என்ற பெயர் பெற்ற இடம் இது. பெயரைக் கேட்டதும் "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்று ஒதுங்குவோர் இன்றும் உண்டு. அங்கே வலிப்பு, பக்கவாதம், தலையில் அடிபட்டவர்கள் என்று எல்லோரும்தான் வருகிறார்கள். வரிசையில் நிற்பவரைப் பார்த்து இன்ன நோய் என்று எவராலும் சொல்ல முடியாது!

இந்த நிலையம் முன்னின்று 2015-16-ல் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்தோர் 100 பேரில் 10 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோய்க்குத் தக்கபடி, அவர்களில் 100-க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை.

தூக்கம் அனுப்பும் தந்தி

கணக்கு எழுதும் குமாஸ்தா ஒருவர், மூன்று பேருடன் ஓர் அறையில் தங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தூக்கம் போகிறது. விடியற்காலை 3 மணிக்கே விழித்து உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் "சூடு" என்கிறார். பிறகு மெஸ்ஸில் பாதிச் சாப்பாட்டை ஒதுக்குகிறார். வாராவாரம் வீட்டுக்குப் பேசியவர் போனை எடுப்பதில்லை. ஒருமுறை கூட்டினால் சரியாக வரும் கணக்கை நான்கு முறை கூட்டுகிறார். உடம்பு வலி, நெஞ்சுப் படபடப்பு என்று டாக்டர் மாற்றி டாக்டர் பார்க்கிறார். எல்லாச் சோதனையிலும் "ஒன்றுமில்லை" என்றே வருகிறது. தூங்குவதற்காகக் கொஞ்சம் குடிக்கத் தொடங்குகிறார். இதெல்லாம் இரண்டு வாரம் நீடித்தால் அது சூடும் அல்ல, சோம்பலும் அல்ல. மனச்சோர்வு நோயாக இருக்கலாம்.

இன்னொரு வகையும் உண்டு. பெரும்பாலும் இளம் வயதில் வரும். ஆபீசில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பார். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்பார். ஆளில்லாத இடத்தில் குரல் கேட்கும். இதில் தாமதம் மிகக் கெடுதல். சிகிச்சையில்லாமல் கழியும் காலம் நீள நீளக் குணமாவதும் கடினமாகிறது என்று மருத்துவ ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

ஊரில் என்றால் அம்மாவோ அக்காவோ முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே அந்தக் கண் அறை நண்பருக்கும், பக்கத்து மேஜைக்காரருக்கும்தான் இருக்கிறது. "சாகத் தோன்றுகிறதா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, நேராகக் கேட்கலாம். ஆமாம் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையும் அதில் உண்டு.

கோவிலுக்குப் போகக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். திருச்சி பக்கம் குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்கி மன அமைதி தேடுபவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. வைத்தியத்தை விட்டுவிட்டுப் போவதுதான் தவறு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி, தனியார் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. அதே ஏர்வாடியில் பிற்பாடு பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது.

நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய "டெலி மனஸ்" சேவை இது. இரவும் பகலும் உண்டு, கட்டணம் இல்லை. மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். நிலைமை கடுமையாக இருந்தால் எங்கே போக வேண்டும் என்றும் சொல்வார்கள்.

சம்பளம் போகுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளர் பலருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். நீடித்த நோய்களின் பட்டியலில் கடுமையான மனச்சோர்வும் ஸ்கிசோப்ரினியாவும் இருக்கின்றன. 2 ஆண்டு வேலையில் இருந்து, உரிய சந்தாவும் கட்டியிருந்தால், அவற்றுக்கு 80 சதவீதச் சம்பளத்துடன் 2 ஆண்டு வரைகூட உதவி நீளலாம். டாக்டர் சர்டிபிகேட்டில் நோயின் பெயர் சரியாக இருக்க வேண்டும். "உடல் பலவீனம்" என்று எழுதி வாங்கினால் நஷ்டம் நமக்கே.

மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை போல அன்றே கேட்காது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாளே "பலன் இல்லை" என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். தேறிய பிறகும் டாக்டர் சொல்லும் வரை சில மாதம் தொடர வேண்டும். இது பழக்கமாகிவிடும் மருந்தும் அல்ல. பழக்கமாகக் கூடியது, மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி விழுங்கும் தூக்க மாத்திரைதான்.

நிம்ஹான்சுக்கு முதல் நாள் போகும்போது முழு நாள் லீவு சொல்லிவிட்டுக் காலையிலேயே போவது நல்லது. சீட்டுப் பதியவும், டாக்டர் விவரம் கேட்கவும் நேரம் பிடிக்கும். அவசர சிகிச்சைப் பிரிவு மட்டும் இரவிலும் திறந்திருக்கும். இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும், எந்த மாதத்திலிருந்து தூக்கம் கெட்டது என்ற குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவர் போக வேண்டும். ஊரிலிருந்து அம்மா வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அறை நண்பரே போதும். ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்து உட்கார்கிறார், எப்போதிலிருந்து சாப்பாட்டை ஒதுக்குகிறார் என்று டாக்டர் கேட்பதற்கு அம்மாவைவிட அவருக்குத்தான் பதில் தெரிந்திருக்கும்.