வீடு மாறினால் பங்கும் மாறும்



திருமணமான சில மாதங்களிலேயே வேலைக்காகப் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் செல்லும் இளம் தம்பதியர் இன்று ஏராளம். வாடகை வீடு, முன்பணம், எரிவாயு இணைப்பு என எல்லாவற்றையும் ஆயத்தம் செய்கின்றனர். புதிய பங்கை மட்டும் மறந்துவிடுகின்றனர். குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்கும்போதுதான், "நீங்கள் எந்தப் பங்கு?" என்ற கேள்வி எழுகிறது.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 102, 107) தெளிவான விடை தருகிறது. குறைந்தது 3 மாதம் தங்கும் எண்ணத்தோடு குடியேறினாலே அவ்விடத்துப் பங்குத்தந்தை உங்கள் பங்குத்தந்தை ஆகிறார். எனவே, "ஓராண்டுதானே, எதற்குப் பதிவு?" என எண்ண வேண்டாம்.

திருமுழுக்குப் பதிவு உங்களோடு வராது. திருமுழுக்குப் பெற்ற பங்கிலேயே அது இருக்கும். உறுதிபூசுதலும் திருமணமும் அதில்தான் குறிக்கப்படும். உங்கள் திருமணம் அதில் குறிக்கப்பட்டுள்ளதா எனக் கேட்டறிந்து, சான்றிதழ்களைப் பெற்றுக்கொண்டு புறப்படுங்கள். சென்றதும் பங்குத்தந்தையைச் சந்தியுங்கள், அன்பியத்தில் இணையுங்கள்.

இது சான்றிதழுக்காக மட்டுமல்ல. பெற்றோர் தொலைவில் இருக்க, நள்ளிரவில் பேறுகால வலி கண்டால், தட்டுவதற்கு ஒரு கதவு வேண்டுமே!

கூடாரத் தொழில் செய்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கிளவுதியு பேரரசரின் ஆணையால் உரோமையை விட்டுக் கொரிந்துக்கு வந்தனர். பின்னர் எபேசுக்குச் சென்றனர். மீண்டும் உரோமையில் வாழ்ந்தனர். எபேசிலும் உரோமையிலும் அவர்களது வீட்டில் சபை கூடியது. ஊர் மாறியும் அவர்கள் அந்நியராகவில்லை.

உங்கள் புதிய இல்லமும் அத்தகைய இல்லமாகட்டும்!